அழுகலும் மதுவமும்: காயத்தில் முதலில் குடியேறுவது யார்?

அப்பிள் அழுகுவதைப் பற்றி எமது சஞ்சிகையில் எழுதவேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேசியம், பெண்ணியம், தலித்தியம் என்று பக்கங்கள் போதாமல் இருக்கையில் பழமும் பூஞ்சணமும் எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அணுவைப் பற்றியும் கணினியைப் பற்றியுமே எழுதுகிறோம். நாளாந்தம் எமது கைகளுக்குள்ளால் போய்க்கொண்டிருக்கும் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதுவதில்லை. எம்மவரில் எத்தனையோ பேர் உணவகங்களின் பின்கதவுகளிலும் குளிர்க்களஞ்சியங்களிலும் பொதிசெய்யும் கூடங்களிலும் வேலை செய்கிறோம். அங்கே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்வதும் ஒரு விவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம்.

ஊரில் நான் தாவரவியல் விரிவுரையாளராக இருந்தேன். இப்போது கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், அப்பிளைத் தரம்பிரித்துப் பெட்டியிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இரண்டு இடங்களிலும் என் முன்னால் இருந்தது ஒரே பங்கசுதான் என்பதற்காகவே சொல்கிறேன். அங்கே அது பெத்திரிக்கிண்ணத்தில் வளர்ந்தது. இங்கே பெல்ற்றில் வருகிறது.

1. களஞ்சியத்தில் நடப்பது

செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் பறிக்கும் அப்பிளை அடுத்த வருடக் கோடையிலும் கடையில் வாங்குகிறோம். இடையில் அது உயிரோடுதான் இருக்கிறது. மரத்திலிருந்து பிரிந்த பழமும் சுவாசிக்கும், ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை வெளிவிடும், அதனால்தான் முதுமையடையும். குளிர்க்களஞ்சியத்தில் வெப்பநிலையை 1 பாகை முதல் 3 பாகை வரை இறக்கி, காற்றில் 21 வீதமாக இருக்கும் ஒட்சிசனை ஒன்று அல்லது இரண்டு வீதமாகக் குறைத்து அந்த முதுமையைத் தள்ளிப்போடுகிறார்கள். பழம் ஒருவகை ஆழ்ந்த நித்திரையில் இருக்கிறது எனலாம்.

ஆனால் பங்கசு முழுமையாக நித்திரை கொள்வதில்லை. 'பெனிசிலியம் எக்ஸ்பான்சம்' என்ற நீலப்பூஞ்சணம் 0 பாகையிலும் மெதுவாக வளரும். 'பொற்றைற்றிஸ் சினேரியா' என்ற சாம்பல் பூஞ்சணமும் அப்படித்தான். நீல அழுகல் மென்மையானது, நீர்த்தன்மையானது, ஈரமண்போல ஒரு முடைநாற்றம் உடையது. சாம்பல் அழுகல் பக்கத்துப் பழத்தைத் தொட்டுத் தொட்டுப் பரவி, ஒரு பெட்டிக்குள் கூடு கட்டியதுபோல் உட்கார்ந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு பெட்டியையும் திறந்ததும் நான் குனிந்து மணப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் சிரித்தான்.

"என்ன சேர், அப்பிளை மணந்து பாக்கிறியள்? பழுதெண்டால் எடுத்து எறியிறதுதானே?"

"பழுதை எறியலாம் தம்பி. எங்கையிருந்து வந்ததெண்டு பாக்கிறன்."

எங்கிருந்து வருகிறது? இதுதான் விடயத்தின் மையம். பெனிசிலியத்தின் வித்திகள் எங்கும் இருக்கின்றன. காற்றில், மரப்பெட்டியின் இடுக்கில், பழங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோகும் தண்ணீர்த் தொட்டியில். ஆனால் குறையில்லாத தோலை ஊடுருவ அவற்றால் பெரும்பாலும் முடியாது. ஒரு பழத்தின் காம்பு இன்னொரு பழத்தில் குத்திய துளை, பறித்தவரின் நகக்கீறல், பெட்டியில் போடும்போது விழுந்த அடி இவைதான் வாசல்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். அதற்குள் பழச்சாறு கசியும், சீனியும் ஈரமும் கிடைக்கும், வித்தி முளைக்கும். அறை வெப்பநிலையில் இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் போதும். குளிரில் நாட்கள் கூடும், ஆனால் களஞ்சியத்தில் அதற்குக் கிடைப்பதோ மாதக்கணக்கு.

நட்டம் காசில் மட்டும் இல்லை. பெனிசிலியம் எக்ஸ்பான்சம், 'பற்றுலின்' என்ற நச்சுப் பதார்த்தத்தை உண்டாக்குகிறது. அழுகிய பழம் சாறு பிழியும் ஆலைக்குப் போனால் அது சாற்றுக்குள் போகும். சாதாரணமாகச் சூடாக்குவதால் அழிந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியம் அப்பிள் சாற்றுக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்றும், குழந்தை உணவுக்கு 10 மைக்ரோகிராம் என்றும் எல்லை வைத்திருப்பது இதனால்தான். அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையில் உலகின் உணவில் 14 வீதம் இழக்கப்படுவதாக ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2019 இல் மதிப்பிட்டது. அந்த இழப்பில் இந்தச் சிறு கீறல்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

2. கொல்வது என்ற ஒரே யோசனை

இதற்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடை பங்கசுநாசினி. 1960களில் தயபென்டசோலும் அதைத் தொடர்ந்து பெனோமிலும் வந்தன. பழத்தை இந்தக் கரைசலில் தோய்த்து எடுத்தால் போதும். கீறல் இருந்தாலும் பரவாயில்லை. வித்தி உள்ளே போயிருந்தாலும் பரவாயில்லை. மருந்து பின்னால் போய்ப் பிடிக்கும்.

இந்த வகை மருந்துகள் பங்கசின் கலத்துக்குள் ஒரேயொரு புரதத்தைத்தான் தாக்குகின்றன. அந்தப் புரதத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தாலே பங்கசு தப்பிவிடும். 1970களிலேயே பொதிசெய்யும் கூடங்களில் எதிர்ப்புச் சக்தியுள்ள பெனிசிலியம் தோன்றிவிட்டது. தப்பியதும் அதே தொட்டியில், அதே பெட்டியில் பெருகியது. மறுபுறம், 1987 இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட அறிக்கை, உணவிலுள்ள பீடைகொல்லி எச்சங்களால் வரக்கூடிய புற்றுநோய் அபாயம் என்று தான் மதிப்பிட்டதில் பெரும்பகுதியைப் பங்கசுநாசினிகளின் கணக்கில் வைத்தது. களையைக் கொல்வதும் பூச்சியைக் கொல்வதும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு இது ஒரு திருப்பம். அறுவடைக்குப் பின் பூசும் மருந்துக்கு வெயிலில் கரையவும் மழையில் கழுவுப்படவும் அவகாசம் இல்லை. பழத்தோடு நேரே வாய்க்கு வருகிறது.

3. நாம் எறிந்த கிண்ணம்

மாற்று வழி தேடியவர்களில் முக்கியமானவர்கள் மேற்கு வேர்ஜினியாவில் கேர்னிஸ்வில் என்ற ஊரிலுள்ள அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பழ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார்கள். பியூசியும் சார்ள்ஸ் வில்சனும் 1984 இல், 'பசிலஸ் சப்ரிலிஸ்' என்ற பற்றீரியா பீச் பழத்தின் கபில அழுகலைத் தடுப்பதைக் காட்டினார்கள். இந்தப் பற்றீரியா நுண்ணுயிர்கொல்லிப் பதார்த்தம் ஒன்றைச் சுரந்து பங்கசை அடக்கியது. அதாவது இதுவும் மருந்துதான். மருந்தைச் செய்வது உயிரியாக இருந்தது, அவ்வளவே. உணவில் அப்படியொரு பொருளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. நஞ்சு எதையும் சுரக்காமல் அழுகலைத் தடுக்கும் உயிரி இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள்.

வில்சனும் இஸ்ரேலின் வொல்கானி விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எடோ ஹலுட்ஸும் 1990 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மிக எளிமையான ஒரு அவதானிப்பு இருக்கிறது. தோடையினப் பழங்களின் தோலைக் கழுவிய நீரை அவர்கள் வளர்ப்பூடகத்தில் இட்டார்கள். கழுவிய நீரை அப்படியே இட்டபோது மதுவங்களும் பற்றீரியாக்களும் மட்டுமே வளர்ந்தன. அதே நீரை ஐதாக்கி இட்டபோது அழுகல் பங்கசுகள் முளைத்துக் கிளம்பின. பங்கசு வித்திகள் முதலாவது கிண்ணத்திலும் இருந்தன. ஆனால் அங்கே நெருக்கமாக இருந்த மற்றவை அவற்றை எழும்ப விடவில்லை. கழுவிக் காயவிட்ட பழங்கள் கழுவாத பழங்களைவிட வேகமாக அழுகின என்பதும் இதோடு பொருந்தியது. அழுக்கு என்று நாம் கழுவி விடுவதில் காவலும் சேர்ந்து போகிறது.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருடங்கள் செய்முறை வகுப்பில் மாணவருக்கு நான் கற்பித்தது இதே ஐதாக்கல் முறையைத்தான். பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஐதாக்கி, தனித்தனியாக வளரும் கூட்டங்களை எண்ணச் சொல்வேன். ஐதாக்காத கிண்ணத்தில் எல்லாம் நெருங்கி மூடி வளர்ந்திருக்கும். 'இதில் எண்ண ஏதுமில்லை, எறியுங்கள்' என்பேன். இயற்கையில் அந்தப் பழத்தோலில் உண்மையாக நடப்பதற்கு மிகக் கிட்டிய படம் எறிந்த கிண்ணத்தில்தான் இருந்தது. நுண்ணங்கியைத் தனிமைப்படுத்தி அறியவேண்டும் என்பது தவறான பாடமல்ல. தனிமைப்படுத்தி அறிந்ததையே முழு அறிவு என்று நினைத்ததுதான் தவறு.

மதுவம் என்பது வேறொன்றுமல்ல. பாணைப் பொங்கவைப்பதும், பனங்கள்ளைப் புளிக்கவைப்பதும் மதுவந்தான். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கினால் கருப்பநீர், பூசாமல் இறக்கினால் கள்ளு என்று எங்கள் ஊர்ச் சீவல்தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. முட்டிக்குள் இருப்பதை எது மாற்றுகிறது, அதை எப்படி நிறுத்துவது என்ற அறிவு அது. பழத்தோலில் மதுவம் தானாகவே குடியிருக்கிறது என்பதைப் பரிசோதனையால் உறுதிசெய்தவர் லூயி பாஸ்ரர். 1878 இல் ஆர்புவா என்ற தன் ஊரில் திராட்சைக் கொடிகளைக் கண்ணாடி வீடுகளால் மூடி, காய்க்கும் முன்பே வெளித்தூசு படாமல் காத்தார். அந்தப் பழங்களைப் பிழிந்த சாறு புளிக்கவில்லை. மூடாத கொடிகளின் சாறு புளித்தது. மதுவம் பழத்தின் உள்ளிருந்து பிறப்பதில்லை. வெளியிலிருந்து வந்து தோலில் தங்குகிறது.

4. எப்படித் தடுக்கிறது?

ஹலுட்ஸும் வில்சனும் பிரித்தெடுத்த மதுவத்துக்கு முதலில் 'டெபாரியோமைசிஸ் ஹன்சனியை' என்று பெயரிட்டார்கள். பிறகு அது 'பிச்சியா கில்லியர்மொன்டியை' என்றானது. இப்போது 'மெயரோசைமா கில்லியர்மொன்டியை' என்கிறார்கள். எமது அகதி விண்ணப்பங்களில் பெயர்கள் பட்ட பாட்டை இது நினைவூட்டுகிறது. பெயர் எதுவாயினும் அது செய்யும் வேலை ஒன்றுதான்.

முதலாவது, போட்டி. புதிய காயத்தில் சீனியும் அமினோ அமிலங்களும் கசிகின்றன. மதுவம் ஒற்றைக் கலம், அரும்பிப் பெருகுவது, காயத்துச் சாற்றில் முதல் ஒரு நாளிலேயே பல மடங்காகிவிடும். வித்தியோ முதலில் ஊறவேண்டும், வீங்கவேண்டும், முளைக்குழாய் விடவேண்டும். அந்த இடைவெளியில் மதுவம் உணவை எடுத்துவிடுகிறது, இடத்தையும் நிரப்பிவிடுகிறது. இதனாலேயே ஆய்வுகளில் ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரையான மதுவக் கலங்களைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பந்தயம் தோற்கும்.

இதைப் பற்றி ஒரு அழகான பரிசோதனை உண்டு. கேர்னிஸ்வில் நிலையத்தின் யானிசியேவிச்சும் அவரது சகாக்களும் 2000 ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். மதுவம்போன்ற 'ஓரியோபசிடியம் புலுலன்ஸ்' என்ற பங்கசையும் பெனிசிலியம் வித்திகளையும் ஒரே ஐதான அப்பிள் சாற்றில் வைத்தார்கள். ஆனால் ஒன்றையொன்று தொடாதபடி இடையே ஒரு மென்சவ்வு. சாறு அதனூடாகப் போய்வரும், கலங்கள் போகமாட்டா. வித்திகள் முளைக்கவில்லை. பிறகு அதே வித்திகளைப் புதுச்சாற்றுக்கு மாற்றினார்கள். முளைத்தன. அவை கொல்லப்படவில்லை, நஞ்சூட்டப்படவுமில்லை, பட்டினியில் காத்திருந்தன. இந்த ஒரு முடிவிலேயே முறையின் பலமும் பலவீனமும் இரண்டும் இருக்கின்றன.

இரண்டாவது, ஒட்டுதல். விஸ்னியூஸ்கியும் அவரது குழுவினரும் 1991 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, பிச்சியா கலங்கள் பொற்றைற்றிஸ் இழைகளில் இறுக ஒட்டியிருந்தன. ஒட்டிய இடங்களில் இழையின் சுவர் குழிவிழுந்து அரித்திருந்தது. மதுவம் சுரக்கும் நொதியங்கள் பங்கசின் கலச்சுவரிலுள்ள குளுக்கனை உடைக்கின்றன.

மூன்றாவது, இரும்பு. 'மெட்ஸ்னிக்கோவியா புல்கெரிமா' என்ற மதுவம் சூழலிலுள்ள இரும்பைப் பிடித்து ஒரு சிவப்பு நிறப்பொருளாக்கி வைத்துவிடுகிறது. இரும்பின்றி வித்தியால் வளரமுடியாது. இந்த மதுவச் சாதிக்குப் பெயர் தந்தவர் இலியா மெச்னிக்கோவ். 1884 இல் தண்ணீர்த் தெள்ளுப் பூச்சிக்குள் நுழைந்த மதுவமொன்றை அதன் இரத்தக்கலங்கள் விழுங்குவதைக் கண்டு எழுதியவர். 1888 இல் ஒடெசாவை விட்டுப் பாரிசுக்குப் போனவர்.

நான்காவது, பழத்தின் சொந்த எதிர்ப்பு. மதுவம் படும்போது பழத்தின் இழையமே உசாரடைந்து பாதுகாப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. பறித்த பழமும் உயிருள்ளது என்று முன்பு சொன்னது இங்கே பொருள்படுகிறது.

5. போத்தலுக்குள் வந்த கதை

1995 இல் 'கன்டிடா ஒலியோபிலா' என்ற மதுவம் 'அஸ்பயர்' என்ற பெயரில் அமெரிக்காவில் பதிவுசெய்யப்பட்டது. தோடையினப் பழங்களுக்கும் அப்பிள், பெயார்ஸ் பழங்களுக்குமாக 'ஈகோஜென்' என்ற கொம்பனி அதை விற்றது. அரச ஆராய்ச்சி நிலையங்களில் பொதுப்பணத்தில் வளர்ந்த அறிவு, கொம்பனியின் போத்தலுக்குள் போனது. சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தும் போனது.

ஏன் மறைந்தது? மதுவம் வேலை செய்யாததால் அல்ல. ஒரு கூடத்தில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் வேலை செய்ததால். பங்கசுநாசினியோடு பழகிய வாங்குநர் எதிர்பார்த்தது, எந்தக் கூடத்திலும் எந்த வருடத்திலும் ஒரே முடிவை. உயிருள்ள பொருளைக் காய்ச்சவேண்டும், உலர்த்தவேண்டும், உயிரோடு மாதக்கணக்கில் வைத்திருக்கவேண்டும். செலவு கூட, சந்தை சிறிது, சிறு கொம்பனிக்கு முதல் போதாது. பிறகு, 'மெட்ஸ்னிக்கோவியா பிரக்ரிகோலா' என்று 2001 இல் புதிய இனமாக விபரிக்கப்பட்ட மதுவம் இஸ்ரேலில் 'ஷெமர்' என்ற பெயரில் வந்தது. அது கைமாறிப் பெருங்கொம்பனிகளிடம் போனது. பெல்ஜியத்தில் அப்பிள் தோலிலிருந்து பிரித்தெடுத்த கன்டிடா ஒலியோபிலாவின் இன்னொரு குலவகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் அனுமதி கொடுத்தது. மேலே சொன்ன ஓரியோபசிடியத்தின் இரு குலவகைகளைக் கொண்ட தயாரிப்பு ஒன்று, பறிப்பதற்கு முன்பே தோட்டத்தில் தெளிப்பதற்காக ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

2009 இல் ட்றோபி, விஸ்னியூஸ்கி முதலான இந்தத் துறையின் முன்னோடிகளே, இருபது வருட ஆய்வுக்குப் பிறகு எமது சட்டகத்தையே மாற்றவேண்டுமோ என்று ஒரு கட்டுரையில் வெளிப்படையாகக் கேட்டார்கள். ஒரு நோய்க்கிருமி, ஒரு எதிரி, ஒரு போத்தல் என்று தேடியதுதான் குறையா என்பது அவர்கள் கேள்வி. பிந்திய ஆய்வுகள் பழத்தோலிலுள்ள முழு நுண்ணங்கிச் சமூகத்தையும் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. எறிந்த கிண்ணத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

6. கையின் வேலை

என் வாதம் இதற்கு ஒருபடி அப்பால் போகிறது. மதுவத்தைப் பங்கசுநாசினியின் இடத்தில் வைக்கும் இன்னொரு மருந்தாகப் பார்த்ததுதான் அடிப்படைத் தவறு என்று நினைக்கிறேன்.

மதுவம் முன்னமே உள்ளே போய்விட்ட பங்கசைத் துரத்தாது. இங்கே அப்பிளில் பெரும் தலையிடியான 'நியோபாபிரியா' அழுகல் தோட்டத்திலேயே தோலின் நுண்துளைகளுக்குள் புகுந்து மாதக்கணக்கில் மறைந்திருந்து, களஞ்சியத்தில் பழம் பழுக்கப் பழுக்க வெளிப்படுகிறது. அதற்கு மதுவத்தைப் பறித்தபின் பூசிப் பெரிய பயனில்லை. ஏறக்குறைய 50 பாகை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் தோய்ப்பதே இயற்கைமுறைத் தோட்டக்காரர் கையாளும் வழி. கல்சியம் குளோரைட்டையோ அப்பச்சோடாவையோ மதுவத்தோடு சேர்த்தால் பயன் கூடுகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எப்படிச் சேர்த்தாலும் அடிப்படை விதி மாறாது. காயம் பட்டுச் சில மணித்தியாலங்களுக்குள் மதுவம் அங்கே போய்ச்சேரவேண்டும். காயங்கள் குறைவாக இருக்கவேண்டும். தொட்டித் தண்ணீரில் வித்திகள் குறைவாக இருக்கவேண்டும். ஒரு பெட்டி பகல் முழுக்க வெயிலில் காத்திருக்கக்கூடாது.

இவை எல்லாம் மனிதக் கைகளைப் பற்றிய விதிகள். இந்த ஏரிக்கரைத் தோட்டங்களில் பறிப்பவர்கள் பெரும்பாலும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் பருவகாலத்துக்கு வருபவர்கள். பெட்டிக் கணக்கில் கூலி கொடுக்கும் தோட்டங்களும் உண்டு. பெட்டிக் கணக்கென்றால் நகம் வெட்ட நேரமில்லை. பழத்தை வைக்க நேரமில்லை, போடத்தான் நேரம். நான் வேலைசெய்த ஒரு கூடத்தில் பெல்ற்றின் வேகத்தைக் கூட்டிய கிழமைகளில் பழத்தில் அடிபட்ட தழும்புகளும் கூடின. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். 'எண்ணிக்கை சரியாக இருக்கிறதல்லவா' என்றார். தொட்டித் தண்ணீரை மாற்றும் நேரத்தையும் அதே கணக்கில்தான் தள்ளிப்போட்டார்கள். மாதங்களுக்குப் பிறகு களஞ்சியத்தைத் திறக்கும்போது வந்த அழுகலை அந்த வேகத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அழுகல் பங்கசின் குற்றமாகவே பதிவானது.

பங்கசுநாசினி செய்த சேவை பங்கசைக் கொன்றது மட்டுமல்ல. அவசரத்துக்கு அது மன்னிப்புக் கொடுத்தது. பறிப்பவரை விரட்டலாம், பெல்ற்றை ஓட்டலாம், தண்ணீரை மாற்றாமல் விடலாம். கடைசியில் ஒரு தோய்ப்பில் எல்லாம் சரி. மதுவம் அந்த மன்னிப்பைக் கொடுக்காது. நிதானமான கையும் சுத்தமான தண்ணீரும் இருந்தால் மட்டும் அது கூட்டுச்சேரும். ஆகவே ஒரே மதுவம் ஒரு கூடத்தில் வென்று இன்னொன்றில் தோற்றதை உயிரியின் நிலையின்மை என்று மட்டும் எழுதுவது முழுமையற்றது. அந்தக் கூடங்களில் வேலை எப்படி நடந்தது என்ற கேள்வியும் ஆய்வுக்குரியது. காயத்தின் ஆழத்தையும் வித்திகளின் எண்ணிக்கையையும் அளந்தால் மட்டும் போதாது. பெல்ற்றின் வேகத்தையும் கூலிமுறையையும் அவற்றோடு ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஊரில் கறுத்தக்கொழும்பானைப் பறித்தவர்களை நினைத்துப் பாருங்கள். கொக்கத்தடியின் நுனியில் வலைப்பை கட்டி, நிலத்தில் விழவிடாமல், காம்போடு இறக்குவார்கள். நிலத்தில் விழுந்ததை வேறாக வைப்பார்கள். அது இன்றைக்கோ நாளைக்கோ தின்பதற்கு, வைப்பதற்கல்ல. காம்பு நின்றால் பால் வடியாமல் பழத்துக்குள்ளேயே நிற்கும். அந்தப் பாலிலும் காயின் தோலிலும் பங்கசை எதிர்க்கும் பதார்த்தங்கள் இருப்பதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார்கள். மாம்பழத்தின் கரும்புள்ளி நோய் காயிலேயே நுழைந்து மறைந்திருந்து, அந்தப் பதார்த்தங்கள் பழுக்கும்போது குறைய வெளிக்கிளம்புகிறது. காம்போடு பறித்தவர்களுக்கு இந்தக் காரணங்கள் தெரியாது. ஆனால் காயத்தைத் தவிர்ப்பதே முதல் மருந்து என்பது அவர்களின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இதை வைத்து 'எல்லாம் எங்கள் முன்னோருக்குத் தெரியும்' என்று பெருமை பேச நான் வரவில்லை. அவர்களுடைய மாம்பழமும் அழுகியது. பத்து மாதம் வைத்து விற்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவுமில்லை.

7. ஒரு எச்சரிக்கை

இதை வாசிக்கும் நண்பர்களுக்கு உடனே உவமைகள் தோன்றும் என்று எனக்குத் தெரியும். காயம், குடியேற்றம், நல்ல மதுவம், கெட்ட பங்கசு, உள்ளூரவர், வந்தேறிகள் என்று ஒரு அரசியல் கட்டுரை தானாகவே எழுதப்பட்டுவிடும். தயவுசெய்து வேண்டாம். நுண்ணங்கிகளிலிருந்து சமூகத்துக்குத் தாவிய உவமைகள் ஐரோப்பாவை எங்கே கொண்டுபோய்விட்டன என்பதை நாம் படித்திருக்கிறோம்.

'நன்மை தரும் மதுவம்' என்ற சொல்லே கவனமாகக் கையாளப்படவேண்டியது. பழத்தைக் காக்கும் அதே மெயரோசைமா கில்லியர்மொன்டியை, நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு வைத்தியசாலைகளில் சில வேளைகளில் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. முழு அப்பிளில் காவலாக இருக்கும் மதுவங்கள், பிழிந்த சாற்றில் அதைப் புளிக்கவைத்துப் பழுதாக்கக்கூடியவை. மறுபக்கம், களஞ்சியத்தின் எதிரியான பெனிசிலியத்தின் உறவினர்தான் பெனிசிலினைத் தந்தது. றொக்கபோர்ட் பாற்கட்டியையும் தருவது அந்த உறவுதான். நன்மையும் தீமையும் உயிரியின் குணத்தில் இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த எண்ணிக்கையில் என்பதில் இருக்கிறது. அனுமதி கொடுக்குமுன் ஒவ்வொரு குலவகையையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். 'இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது' என்பது விஞ்ஞானமல்ல, விளம்பரம்.

நண்பருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒரு தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று சொல்லப்படும்போது, அது எந்த வேலைமுறைக்குள் வைக்கப்பட்டுத் தோற்றது என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்வியை ஆய்வுகூடத்தில் இருந்தவேளை நான் கேட்கவில்லை; கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை. பெல்ற்றுக்குப் பக்கத்தில் எட்டு மணித்தியாலம் நின்ற பிறகுதான் தோன்றியது. இரண்டு இடத்திலும் நின்றவர்கள் எம்மிடையே குறைவில்லை. வைத்தியராக இருந்து முதியோர் இல்லத்தில் வேலைசெய்பவரும், பொறியியலாளராக இருந்து களஞ்சியத்தில் பெட்டி தூக்குபவரும் தாங்கள் கண்டதை எழுதினால் என்ன?

போன கிழமை அந்தப் பொடியன் ஒரு பெட்டியைத் திறந்து, தானாகவே குனிந்து மணந்துவிட்டு, "சேர், இது காம்பு குத்தினது" என்றான். எடுத்துப் பார்த்தேன். காம்பு குத்தியதுதான்.